மாட்டுக்கறி, காய்கறி ஸ்டிர் ஃப்ரை: நம்ம ஊர்க் கறியில மெத்துனு வருமா?

குடமுருட்டி, பாபநாசம் பக்கம்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்க. அடுத்த மாசம் லீவுல வர்றாங்க. அங்க தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஹலால் சாப்பாட்டுக் கடையில மாட்டுக்கறியை மெல்லிசா சீவி, கைலான்னு ஒரு கீரையோட வதக்கிக் கொடுப்பாங்களாம். போன்ல சாப்பாட்டுப் பேச்சு வந்தாலே அதைத்தான் சொல்றாங்க. வந்ததும் வீட்டுல செஞ்சு கொடுக்கணும்னு ஆசை.

ஞாயித்துக்கிழமை கடையில எலும்பில்லாத கறி வாங்கி, வீடியோவுல காட்டுற மாதிரி வேகவைக்காம நேரா சட்டியில போட்டா, கறி சாம்பல் நிறமாகித் தண்ணி விட்டுடுது. அந்தத் தண்ணி வத்துறதுக்குள்ள குடைமிளகாயும் கேரட்டும் கூழ். கறி மட்டும் வாயில மென்னுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. வீடியோவுல மூணு நிமிஷத்துல இறக்கிடுறாங்க, பார்த்தாலே மெத்துனு இருக்கு.

எந்த இடத்துக் கறின்னு கேட்டு வாங்கணும்? எப்படி வெட்டணும்? கைலான் இந்தப் பக்கம் எங்கயும் இல்ல, அதுக்குப் பதிலா என்ன போடலாம்? இன்னொண்ணு, எங்க மாமிக்கு பிரஷர் இருக்கு, சோயா சாஸ் ரொம்ப உப்புன்னு பயப்படுறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

பாமணியாறு, மன்னார்குடி

மாட்டுக்கறி குக்கர் இல்லாம வேகாதும்மா. இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு போட்டு அஞ்சாறு விசில் விடுங்க. தண்ணியை வடிச்சுட்டு, வதக்கின காயோட சேர்த்து சோயா சாஸ் ஊத்திப் பிரட்டுங்க. எங்க வீட்டுல இப்படித்தான், பிள்ளைங்க ஒரு துண்டு மிச்சம் வைக்காது.

வெண்ணாற்றங்கரை, கூத்தாநல்லூர்

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. நான் கோலாலம்பூர்ல சாப்பாட்டுக் கடைகள்ல ரொம்ப வருஷம் அடுப்படியில நின்னவன். இப்ப ஊரோட வந்துட்டேன். நீங்க கேக்குற ஐட்டம் தினமும் கையால போட்டது. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுத்துப் படிங்க.

உங்க சமையல்ல கோளாறு இல்ல. வீடியோவுல வர்ற கறி வேற, நம்ம கடையில தொங்குற கறி வேற. அவங்க நாட்டுல கறிக்குன்னே வளர்த்து இளசுலயே அறுக்கிற மாடு. நம்ம தமிழ்நாட்டுல 1958-ஆம் வருஷத்துக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயசு தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் இனி ஆகாதுன்னு சான்று கிடைச்சாத்தான் அறுக்கலாம். அடிபட்டு முடமாப் போனது, தீராத நோய் கண்டதுக்கும் அந்தச் சான்று உண்டு. 1976-ல பசுவையும் கிடேரியையும் அறுக்கக் கூடாதுன்னு அரசாணை வேற வந்துடுச்சு. ஆக நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் வயசான எருதும் எருமையும்.

அதுலயும் நம்ம பக்கத்து மாடு எப்படிப்பட்ட மாடு! தலைஞாயிறு பக்கத்து உம்பளாச்சேரி மாடுன்னா சேத்து உழவுக்குன்னே பேர் வாங்கினது. முழங்கால் சேத்துல வருஷக்கணக்கா ஏர் இழுத்த மாட்டோட தோளையும் தொடையையும் நினைச்சுப் பாருங்க. உழைச்ச தசைக்குள்ள ஜவ்வு நிறைய ஓடும். வயசாக ஆக அந்த ஜவ்வு இறுகிக்கிட்டே போகும். அது கரைஞ்சு கொழகொழன்னு ஆகணும்னா மணிக்கணக்குல வேகணும், இல்லைன்னா குக்கர்ல அடைக்கணும். மூணு நிமிஷத்துல எவ்வளவு பெரிய நெருப்பும் அதைக் கரைக்காது. நம்ம பெரியவங்க மாட்டுக்கறியைக் குழம்பு, சுக்கான்னு நிதானமா வேகவச்சே பழக்கினதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா ஸ்டிர் ஃப்ரைக்கு வராதுன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா மலேசியாவுல நான் சமைச்சதே பெரும்பாலும் நம்ம இந்தியாவுலேர்ந்து உறையவச்சுப் போற எருமைக்கறிதான். நம்ம நாட்டுலேர்ந்து பசுமாட்டுக் கறியை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கிடையாது, எருமைக்கறி மட்டும் போகும். அதை நிறைய வாங்குற நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. இங்க நம்ம ஆளுங்க கடிக்க முடியலைன்னு சொல்ற அதே எருமைக்கறியை அங்க மலாய்க்காரங்களும் சீன முஸ்லிம்களும் மூணு நிமிஷத்துல வதக்கி இறக்குறாங்க. அத்தனையும் கத்தி வேலை.

கறி வாங்குறதுலேர்ந்து சொல்றேன். கடைக்காரர்கிட்ட அண்டர்கட் இருக்கான்னு கேளுங்க. முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்பை ஒட்டி நீளமா ஓடுற பட்டைக்கறி. மாடு நடக்குறதுக்கோ இழுக்குறதுக்கோ அதுக்குப் பெருசா வேலை இல்ல, அதனால கிழ மாட்டுலயும் அது மெதுவாத்தான் இருக்கும். ஒரு மாட்டுக்கு ரெண்டே பட்டை. ஓட்டல்காரங்க முன்கூட்டியே சொல்லி வச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க, நீங்களும் சனிக்கிழமையே சொல்லி வச்சிடுங்க. அது இல்லைன்னா முதுகுக்கறி. அதுவும் இல்லைன்னா பின்தொடையில எலும்பில்லாத முழுக்கட்டியா ஒண்ணு. கழுத்து, முன்கால், நெஞ்சுப்பகுதி இதுக்கு வேணவே வேணாம், அதெல்லாம் குழம்புக்குத்தான் ருசி.

இதுல நான் ரொம்ப அழுத்திச் சொல்றது: கடையில துண்டு போட விடாதீங்க. "வெட்ட வேணாம் பாய், கட்டியாவே கொடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க. கட்டை மேல வச்சுக் கொத்தின கறியில நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நார் தெரியலைன்னா இந்த ஐட்டமே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் கழுவி, துணியால ஒத்தித் துடைச்சு, மேல இருக்கிற வெள்ளை ஜவ்வைக் கத்தி நுனியால உரிச்சுடுங்க. கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் வைங்க. கல்லாக வேணாம். அழுத்தினா விரல் லேசாப் பதியணும். அந்தப் பக்குவத்துல கறி வழுக்காம நிக்கும், கத்தி நேரா இறங்கும். எங்களுக்குக் கடைக்கு வர்றதே உறைஞ்ச கட்டியா வந்ததால பாதி இளகினதும் சீவிடுவோம். கசாப்புக் கடையிலேர்ந்து அப்போதான் வாங்கின பச்சைக்கறியை அவ்வளவு மெல்லிசா வெட்ட எனக்கும் கை வராது, யாருக்கும் வராது.

இப்ப கட்டியை வெளிச்சத்துல பாருங்க. நூல் நூலா கோடு ஒரு திசையில ஓடும், அதுதான் நார். கத்தி அந்தக் கோட்டுக்குக் குறுக்கா போகணும். ரெண்டு, மூணு மில்லிமீட்டர் கனம். அப்படி வெட்டினா ஒவ்வொரு நாரும் அந்த ரெண்டு, மூணு மில்லிமீட்டர் நீளத்துக்குத் துண்டாகிடும். நம்ம பல்லு செய்ய வேண்டிய வேலையைக் கத்தி முன்னாடியே முடிச்சுடுது. நாரோட போக்கிலேயே வெட்டினீங்கன்னா விரல் நீளத்துக்கு முழு நார் வாய்க்குள்ள வரும். அதைத்தான் ரப்பர்ங்கிறோம். தொடைக்கறியில நார் பாதியில திசை மாறும், அந்த இடம் வந்ததும் கட்டியைத் திருப்பி வச்சுக்கிட்டு வெட்டுங்க.

அடுத்தது சோடா. ஆப்பத்துக்குப் போடுவோமே, அந்தச் சமையல் சோடாதான். அரைக் கிலோ சீவின கறிக்கு அரை டீஸ்பூன், ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியில கரைச்சுப் பிசிறி இருபது நிமிஷம். சோடாவோட காரத்தன்மையால சூடு பட்டதும் கறி ரொம்பச் சுருங்கி இறுகாது, உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய ஓடாது. இருபது நிமிஷம் ஆனதும் ரெண்டு தண்ணியில அலசி, கையால நல்லாப் பிழிஞ்சு எடுங்க. அலசாம விட்டா சோப்பு மாதிரி ஒரு ருசி நாக்குல நிக்கும். பச்சைப் பப்பாளி அரைச்சுப் போடுறவங்க உண்டு. கெட்டியான துண்டுக்கு அது சரி. மெல்லிசா சீவின கறியில போட்டா மேல்பக்கம் மாவாக் கரைஞ்சுடும், எனக்கு அது பிடிக்காது. அண்டர்கட் கிடைச்சுதுன்னா சோடாவே வேணாம்.

பிழிஞ்ச கறியில ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ரெண்டு டீஸ்பூன் சோள மாவு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், இஞ்சியைத் துருவிப் பிழிஞ்ச சாறு கொஞ்சம், கடைசியா ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். பிசிறி அரை மணி நேரம் விடுங்க. சீனக் கடைகள்ல அரிசி ஒயின் ஊத்துவாங்க. ஹலால் கடையில கிடையாது, இஞ்சிச் சாறே கவிச்சியை எடுத்துடும்.

இப்ப அடுப்பு. கடை அடுப்பு நம்ம வீட்டு கேஸ் அடுப்பைப் போல பத்து மடங்குக்கு மேல சூடு கொடுக்கும். வீட்டுல அந்தச் சூடு வராது, அதனால கறியோட அளவைக் குறைக்கணும். அரைக் கிலோவை மூணு பங்காப் பிரிச்சுக்கங்க. மொத்தத்தையும் ஒரேயடியா கொட்டினா சட்டி குளிர்ந்துடும், கறி தண்ணி விடும். தண்ணி இருக்கிற வரைக்கும் சட்டி 100 டிகிரியைத் தாண்டாது, அப்ப அது வதங்காது, அவியத்தான் செய்யும். நீங்க சொன்ன சாம்பல் நிறம் அப்படி வந்ததுதான். செவந்து மணக்கணும்னா 140 டிகிரிக்கு மேல போகணும்.

கனமான இரும்புச் சட்டி எடுங்க. நான்ஸ்டிக்கை இவ்வளவு காய வைக்கக் கூடாது. சட்டியிலேர்ந்து லேசாப் புகை வர்ற வரைக்கும் காய்ஞ்சதும் எண்ணெய் விட்டு, ஒரு பங்கு கறியைப் பரப்பிப் போட்டு, அரை நிமிஷம் கரண்டியே வைக்காம விடுங்க. பொறுமை இங்கதான் வேணும். அடிப்பக்கம் செவந்ததும் திருப்பி இன்னொரு அரை நிமிஷம். தட்டுல எடுத்துடுங்க. அடுத்த பங்கு, அதுக்கடுத்த பங்கு.

அதே சட்டியில கொஞ்சம் எண்ணெய் விட்டு இஞ்சி, பூண்டு, வெங்காயம், அப்புறம் காய். காய் முக்கால் பதம் வந்ததும் கறியைச் சேர்த்து, முன்னாடியே கலக்கி வச்ச சாஸை ஓரமா ஊத்துங்க. அரைக் கிலோவுக்கு சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, ஆயிஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை அரை டீஸ்பூன், சோள மாவு ஒரு டீஸ்பூன், தண்ணி அஞ்சாறு மேசைக்கரண்டி. ஒரு கொதி வந்து பளபளன்னு கறியில ஒட்டினதும் இறக்கிடுங்க. உப்பு தனியாப் போட வேணாம்.

கைலானுக்கு வர்றேன். காலிஃபிளவர் வாங்கும்போது கடைக்காரர் சுத்தி இருக்கிற பச்சை இலையையும் தண்டையும் வெட்டிக் கூடையில போடுவார் பாருங்க, அதைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. கைலான், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே செடியினம், மனுஷங்க வேற வேற விதமா வளர்த்தது. இளசான காலிஃபிளவர் இலையும் நடுத்தண்டும் கைலானுக்குக் கிட்டத்தட்ட அதே ருசி, அதே லேசான கசப்பு. தண்டுத் தோலைச் சீவிட்டு சாய்வா நறுக்கி, உப்பும் ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்ட கொதிதண்ணியில ஒரு நிமிஷம், இலையை அரை நிமிஷம் போட்டு எடுத்து, நல்லா வடிச்சு வச்சுக்கங்க. நூல்கோல் இலையும் அப்படியே. உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிக்கிறாரான்னு பாருங்க.

குடமுருட்டி

ஜஸாக்கல்லாஹ் நானா. இவ்வளவு எழுதினதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. காலிஃபிளவர் இலையை நாங்க ஆட்டுக்குத்தான் போடுவோம்!

ரெண்டு சந்தேகம். எங்க பக்கத்துக் கடையில அண்டர்கட் கேட்டேன், அது முன்னாடியே போயிடுதாம். தொடைக்கறி கட்டியாத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவும் மெத்துனு வரலைன்னா? அப்புறம் ஆயிஸ்டர் சாஸ் கும்பகோணத்துல சூப்பர் மார்க்கெட்டுலதான் கிடைக்கும்ங்கிறாங்க. அது இல்லாம முடியுமா?

நாகூர்க்காரி

புள்ளே, நான் சொல்றதையும் கேட்டுக்க. நானா சொன்ன முறை அண்டர்கட்டுக்கும் முதுகுக்கறிக்கும் சரி. ரொம்ப முத்தின மாட்டோட தொடைன்னா எங்க வீட்டுல வேற வழி. கட்டியா இருக்கிற கறியைப் பெரிய பெரிய துண்டா, உள்ளங்கை அளவுக்குப் போட்டு, உப்பும் இஞ்சியும் மட்டும் சேர்த்துக் குக்கர்ல வேகவை. துண்டு உடையக் கூடாது, கத்தி குத்தினா இறங்கணும். ஆறினதும் நாருக்குக் குறுக்கால மெல்லிசா சீவு. ஆறாம வெட்டினா உதிர்ந்துடும், அதனால ராத்திரியே வேகவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு காலையில வெட்டுறதுதான் என் பழக்கம். அப்புறம் சோள மாவைத் தூவிப் பிரட்டி, காய்ஞ்ச சட்டியில ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு எடுத்துட்டு, காயோட சேர். வேகவச்ச தண்ணியைக் கீழ ஊத்திடாதே. சாஸுல பச்சைத் தண்ணிக்குப் பதிலா அதை ஊத்து, அப்படி ஒரு ருசி.

ஆயிஸ்டர் சாஸுக்கு எங்ககிட்ட வழி இருக்கு. கூனி இருக்கே, சின்னக் காய்ஞ்ச இறால், நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் எந்தக் கருவாட்டுக் கடையிலயும் கிடைக்கும். மண் போக அலசி, காயவச்சு, வெறும் சட்டியில வறுத்துப் பொடி பண்ணி வச்சுக்க. இஞ்சி பூண்டு வதங்கும்போது அரை டீஸ்பூன் பொடி, கால் டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. கடல் வாசனையும் வரும், இனிப்பும் வரும். கூனியிலயும் உப்பு உண்டு, சோயா சாஸைக் குறைச்சுக்க.

கீரைக்கு வள்ளைக்கீரை பாரு. குளத்தோரம் வாய்க்காலோரம் படர்ந்து கிடக்கும், உள்ள துளையான தண்டு. சிங்கப்பூர், மலேசியாவுல கங்கோங்னு சொல்லி விக்கிறது அதேதான். உங்க வீட்டுக்காரருக்குப் பார்த்ததும் தெரிஞ்சுடும். சாக்கடைத் தண்ணி கலக்காத இடத்துல பறிச்சதா இருக்கணும், நல்லாக் கழுவணும், பச்சையாச் சாப்பிடக் கூடாது. தண்டை முதல்ல போட்டு, இலையை இறக்குறதுக்கு முன்னாடி போட்டா போதும்.

வெண்ணாற்றங்கரை

லாத்தா சொன்ன கூனிப் பொடி அருமையான யோசனை. பினாங்குல காய்ஞ்ச இறாலைப் பொடிச்சுக் கீரை வதக்குறதைப் பார்த்திருக்கேன், கறிக்குப் போடலாம்னு எனக்குத் தோணினதில்ல. அடுத்த வாரம் செஞ்சு பாத்துடுறேன்.

குக்கர் முறையைப் பத்தி என் அபிப்பிராயம் சொல்லிடுறேன். மன்னார்குடி நண்பர் சொன்னதும் லாத்தா சொன்னதும் நல்ல சாப்பாடு, மறுக்கல. ஆனா வெந்த கறியோட ருசி வேற, பச்சையா நெருப்புல போட்ட கறியோட ருசி வேற. வேகவச்சா ஜவ்வு கரைஞ்சு குழம்புக்கறி மாதிரி நார் நாராப் பிரியும். தங்கச்சி வீட்டுக்காரர் அந்தக் கடையில சாப்பிடுறது கடிச்சா சாறு வர்ற கறி. அதைத்தான் அவர் கேக்குறாருன்னா முதல்ல தொடைக்கறியிலயே பச்சை முறையை முயற்சி பண்ணுங்க. கட்டியிலேர்ந்து நாலு துண்டு மட்டும் சீவி, சோடா போட்டு அலசி, ஒரு கரண்டி எண்ணெயில வதக்கி வாயில போட்டுப் பாருங்க. மென்னு முழுங்க முடிஞ்சா மிச்சத்தையும் அப்படியே செய்யுங்க. முடியலைன்னா மிச்சக் கட்டி லாத்தா சொன்ன மாதிரி குக்கருக்குப் போகட்டும். கறி வீணாகாது, காசும் வீணாகாது. புது மாட்டுக்கறி வந்தா கடையில நாங்களும் இப்படித்தான் முதல்ல நாலு துண்டு போட்டுப் பார்ப்போம்.

காயில ஒண்ணு சேர்த்துக்கிறேன். கேரட், குடைமிளகாய், பேபிகார்ன்னு எல்லாத்தையும் போட வேண்டியதில்ல. கறியோட ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு காய். அஞ்சு காய் போட்டா ஒண்ணு வேகும்போது இன்னொண்ணு கரையும், ஒவ்வொண்ணும் தண்ணி விடும். நம்ம ஊர்ப் பிஞ்சு அவரைக்காயைச் சாய்வா நறுக்கிப் போட்டுப் பாருங்க, வெங்காயத்தாளோட. பீர்க்கங்காயும் நல்லா இருக்கும், ஆனா அது தண்ணிக்காய், கடைசி நிமிஷத்துல போடணும். கொத்தவரங்காய் வேணாம், அதோட கசப்பு சோயாவோட சேராது.

உப்பளம், வேதாரண்யம்

நான் நர்ஸ். மாமியோட பிரஷருக்காக ஒரு வார்த்தை. சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில ரெண்டு கிராமுக்கு மேல உப்பு இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மேல சொன்ன அளவுல கறிக்கு ஒண்ணு, சாஸுக்கு ஒண்ணு, ஆயிஸ்டர் சாஸ் வேற. நாலு பேர் பகிர்ந்துக்கிட்டாலும் ஒரு ஆளுக்கு ஒரு கிராமுக்கு மேல போகும். சமையல் சோடாவுலயும் சோடியம் உண்டு, நல்லா அலசிடுங்க.

மாமிக்குக் கறியையும் காயையும் சாஸ் ஊத்துறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுடுங்க. மிளகு, எலுமிச்சைச் சாறு, வறுத்த எள்ளு போட்டுக் கொடுத்தா உப்புக் குறைச்சல் தெரியாது. அன்னிக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு வேணாம். மாத்திரையை வழக்கம்போலப் போடச் சொல்லுங்க. பச்சைக் கறி வெட்டின பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவினதுக்கு அப்புறம் காய் நறுக்குங்க. கறி மெல்லிசா இருக்கிறதால சீக்கிரம் வெந்துடும், ஆனா உள்ள சிவப்பு இல்லாம முழுசா வெந்திருக்கான்னு பாத்துட்டு மாமிக்குக் கொடுங்க.

அரசலாறு, கும்பகோணம்

கேள்வி கேட்டவங்களுக்கு நன்றி, எனக்கும் இதே பிரச்சனைதான். வெண்ணாற்றங்கரை ஐயா, வீடியோக்கள்ல கடைசியா எள்ளெண்ணெய் ரெண்டு சொட்டு விடுறாங்க. நம்ம செக்கு நல்லெண்ணெய் விடலாமா?

வெண்ணாற்றங்கரை

வேணாம் தம்பி. அவங்க விடுறது எள்ளை நல்லா வறுத்து ஆட்டின எண்ணெய், கரும்பழுப்பா இருக்கும். வாசனைக்கு மட்டும் ரெண்டு சொட்டு, அதுல வதக்க மாட்டாங்க. நம்ம நல்லெண்ணெய் எள்ளை வறுக்காம, கருப்பட்டி போட்டு ஆட்டுறது. இட்லிப் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் அதை அடிச்சுக்க எண்ணெய் இல்ல, ஆனா இந்த ஐட்டத்துல அந்த வாசனை வராது. ஒரு டீஸ்பூன் எள்ளை வெறும் சட்டியில பொன்னிறமா வறுத்து, உரல்ல ரெண்டு தட்டுத் தட்டி, இறக்கினதும் மேல தூவுங்க. வதக்குறதுக்குக் கடலை எண்ணெய். அதிகச் சூடு தாங்கும். மரச்செக்கு எண்ணெயைவிடக் கடையில விக்கிற ரிஃபைண்டு கடலை எண்ணெய் சீக்கிரம் புகையாது.

குடமுருட்டி

நானா, லாத்தா, சிஸ்டர், எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குத் தொடைக்கறிக் கட்டி வாங்கி நாலு துண்டு போட்டுப் பாத்தேன். குறுக்க வெட்டி, சோடா போட்டு அலசினது மென்னு முழுங்குற மாதிரி வந்துச்சு. அண்டர்கட் அளவுக்கு இல்லாம இருக்கலாம், ஆனா முன்ன இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மிச்சத்தையும் அப்படியே மூணு பங்காப் பிரிச்சுச் செஞ்சேன். தண்ணியே விடல. காலிஃபிளவர் தண்டை எங்க மாமி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. சாஸ் ஊத்தாம எலுமிச்சை பிழிஞ்சுதான் கொடுத்தேன். கூனிக்கு நாகூர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்டச் சொல்லி விட்டிருக்கேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அவங்க வர்ற அன்னிக்கு வீட்டுல பதினஞ்சு பேர் கூடிடுவாங்க. ரெண்டு கிலோ கறி. மூணு மூணு பங்காப் போட்டுக்கிட்டே இருந்தா விடிஞ்சுடுமே, அதுக்கு என்ன பண்றது?

வெண்ணாற்றங்கரை

மாஷா அல்லாஹ், சந்தோஷம் தங்கச்சி.

ரெண்டு கிலோவை கேஸ் அடுப்புல வச்சு மாரடிக்காதீங்க. கொல்லையில விறகடுப்பு மூட்டுங்க. காய்ஞ்ச சவுக்கு விறகு, கூட ரெண்டு தென்னமட்டை. மட்டை குப்புனு உயரமா எரியும், நமக்கு வேண்டியது அந்த ஜுவாலைதான். பெரிய இரும்புச் சட்டியில ஒரு தடவைக்கு அரைக் கிலோ வரைக்கும் தாராளமாப் போடலாம், நாலே தடவையில கறி முடிஞ்சுடும். பக்கத்துல தண்ணி வாளி இருக்கட்டும், பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கங்க.

கறியை முதல் நாளே சீவி, சோடாவுல அலசி, பிழிஞ்சு, சோயாவும் சோள மாவும் போட்டு மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாம், ஒரு ராத்திரி தாங்கும். காய், தண்டு எல்லாம் நறுக்கித் தயாரா வச்சுக்கங்க. சாஸைத் தனியா ஒரு சொம்புல கலக்கி வச்சுக்கங்க, அடியில மாவு தங்கும், ஊத்தும்போது கலக்கி ஊத்துங்க. எல்லாரும் இலையில உக்காந்ததுக்கு அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க. இதை முன்கூட்டியே செஞ்சு மூடி வச்சா ஆவியிலயே காய் துவண்டு, கறியும் இறுகிடும்.

சோத்துக்குப் பச்சரிசி போடுங்க, புழுங்கலரிசியில அந்தச் சாஸ் ஒட்டாது. சோறு முதல்ல வடிஞ்சு தயாரா இருக்கணும். அடுப்பு மூட்டினதுக்கு அப்புறம் வேற வேலைக்கு நேரம் கிடைக்காது. வீட்டுக்காரருக்கு என் ஸலாம் சொல்லுங்க.